இல்லை என்று சத்தியம் செய்த அறை

"அந்தாளுக்கு நீங்க வாதாடுறதா இருந்தா, நான் இதோட நின்னுக்கிறேன், வக்கீலம்மா" என்றார் ஒச்சப்பன்.

அமலோற்பவம் டீயை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"சரிண்ணே. கேஸ் கட்டையெல்லாம் இனி யார் தூக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஒச்சப்பன் போகவில்லை. வாசல் பெஞ்சில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் ஆயுள் கைதியாக இருந்தவர். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அவரை வெளியே விட வேண்டும் என்ற நினைப்பே அரசாங்கத்தில் யாருக்கும் வரவில்லை. மனு மேல் மனுப் போட்டு அவரை வெளியே கொண்டுவந்தவர் அமலோற்பவம். சிறை வாசலிலிருந்து ஒச்சப்பன் ஊருக்குப் போகவில்லை. நேரே இந்த ஆபீசுக்கு வந்தார். உங்களுக்குத் தெரிந்ததை எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். வயதில் அவர் மூத்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

"கத்துக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. பை தூக்கணும்" என்றார் அமலோற்பவம்.

அன்று தூக்கியதுதான்.

அமலோற்பவத்தோடு படித்த வக்கீல்கள் வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள். அமலோற்பவம் சிறைக்கும் கோர்ட்டுக்கும் நடந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கைதியை விலங்கு மாட்டிக் கிடத்தியிருந்தால் அதை அவிழ்க்க ஒரு மனு. பெண்கள் சிறையில் பிறந்த குழந்தைக்குப் பால் கேட்டு ஒரு மனு. தாய்க்குக் கொள்ளி போட மகனை விடச் சொல்லி ஒரு மனு. பிணம் எடுப்பதற்குள் உத்தரவு கைக்கு வர வேண்டும். அதற்காகக் கோர்ட்டுப் படிகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஓடியதை ஒச்சப்பன் பார்த்திருக்கிறார்.

கேன்டீனில் ஒருநாள் ஒரு சீனியர், "உங்க கட்சிக்காரங்க ஃபீஸ் எப்படித் தர்றாங்க, சப்பாத்தியாவா?" என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டார்.

"இல்ல சார், களி. உங்களுக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பவா?" என்றார் அமலோற்பவம்.

அவர் அன்றே அதை மறந்துவிட்டார். ஒச்சப்பன் மறக்கவில்லை. இன்றைக்கும் அந்த சீனியர் எதிரே வந்தால் அவர் வழி விடுவதில்லை.

அப்படிப்பட்டவர், சடகோபனை மறப்பாரா?

சடகோபன், ஒச்சப்பன் இருந்த மத்தியச் சிறையில் ஜெயிலராக இருந்தவன். சமையல்கட்டுக்குப் பின்னால் அவன் ஓர் அறை வைத்திருந்தான். ஜன்னல் கிடையாது. நின்றால் தலை இடிக்கும். படுத்தால் கால் நீளாது. சோற்றில் புழு கிடக்கிறது என்று சத்தமாகச் சொன்னதற்காக ஒச்சப்பனை அதற்குள் போட்டான். ஒரு மழைக்காலம் முழுக்க. அதிலிருந்துதான் ஒச்சப்பனுக்கு முதுகு நிமிராமல் போனது.

அப்போதே அமலோற்பவம் கோர்ட்டுக்குப் போனார். சடகோபனும் வந்தான். அப்படி ஓர் அறையே எங்கள் சிறையில் இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டான். மனு தள்ளுபடியானது. இல்லாத அறையில் ஒரு மனிதன் எப்படி இருக்க முடியும்?

காலம் போனது. சடகோபன் ஓய்வு பெற்றான். பழைய லஞ்சக் கேஸ் ஒன்றில் பிடிபட்டு, தான் ஆண்ட அதே சிறைக்குக் கைதியாக வந்தான். வாங்கியதில் மேலே இருந்தவர்களுக்கும் பங்கு போனது, பெயரைச் சொல்வேன் என்று வாயை விட்டான். மறுநாளே, மற்ற கைதிகள் அடித்துவிடுவார்கள், பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி அவனைத் தனியே கொண்டுபோய்விட்டார்கள்.

மனைவி பார்க்கப் போனால், உன்னைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லையாம் என்று திருப்பி அனுப்பினார்கள். மனசு கேட்காத ஒரு வார்டர்தான், சமையல்கட்டுக்குப் பின்னால் என்று அவள் காதில் போட்டான்.

ஒச்சப்பன் கோபித்துக்கொண்ட அன்று காலைதான் அவள் ஆபீசுக்கு வந்து இதைச் சொல்லி அழுதாள். கதவோரம் நின்று கேட்ட ஒச்சப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அமலோற்பவம் வக்காலத்துப் பேப்பரை எடுத்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அமலோற்பவமும் வெளியே வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த அறை இருக்கா, இல்லையா?"

"இதென்ன கேள்வி? இருக்கு."

"கோர்ட்டுல இல்லைன்னு இருக்கு."

"சொன்னவன் உள்ளேதான கெடக்கான். வெளிய வந்து அவனே மாத்திச் சொல்லட்டும்."

"வெளிய வந்தாத்தான? ஜெயில்காரங்க அந்தப் பழைய சத்தியத்தைத்தான் கோர்ட்டுல நீட்டப்போறாங்க. இல்லாத அறையில ஆளை எங்கன்னு தேடுறது?"

ஒச்சப்பனுக்கு இப்போது விளங்கியது. தொடையில் தட்டிக்கொண்டார்.

"அப்ப அவன் பொய்யே அவனைப் பூட்டி வச்சிருக்கு. இருக்கட்டும், வக்கீலம்மா. நல்லாருக்கட்டும்."

அமலோற்பவம் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மனு கோர்ட்டுக்கு வந்தபோது அவர் சொன்னது போலவே நடந்தது. சிறைத் தரப்பு பழைய சத்தியத்தை நீட்டியது. கைதி மற்றொரு கொட்டடியில் சௌக்கியமாக இருக்கிறார், யாரையும் பார்க்க விருப்பமில்லை என்றது. நீதிபதி யோசித்தார். அப்படி ஓர் அறை இருக்கிறதா என்று மாவட்ட நீதிபதி நேரில் போய்ப் பார்த்து வரட்டும், வக்கீலும், இடம் காட்ட ஒருவரும் உடன் போகலாம் என்று உத்தரவு போட்டார்.

அமலோற்பவம் திரும்பி வந்து ஒச்சப்பன் முன்னால் நின்றார்.

"நான் போகணும். ஆனா எனக்கு வழி தெரியாதுண்ணே."

"உங்களுக்கா?"

"வக்கீல் கைதியைப் பார்க்கிற ரூமைத் தாண்டி என்னை ஒருநாளும் விட்டதில்ல. எனக்குத் தெரிஞ்ச ஜெயில் பூரா உங்களை மாதிரி ஆளுங்க சொன்ன ஜெயில்தான்."

ஒச்சப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்பிள்ளை ஆயுசையெல்லாம் கொட்டிச் சண்டை போட்டது, கண்ணால் பார்க்காத சுவர்களோடு என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"வர்றேன்" என்றார் கடைசியில். "அவனைக் காப்பாத்த இல்ல. அதுக்குள்ள அவன் மடங்கிக் கெடக்கிறதை நான் பார்க்கணும்."

"அதுக்கே வாங்க" என்றார் அமலோற்பவம்.

போனார்கள். சூப்பிரண்டு சிரித்த முகத்தோடு முன்னால் நடந்தார். மாவட்ட நீதிபதி மூக்கில் கைக்குட்டையோடு பின்னால் வந்தார். சமையல்கட்டைத் தாண்டியதும் ஒரு சுவர். சுவரை மறைத்து அரிசி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. இது குடோன், ஐயா, இதற்கப்பால் ஒன்றும் இல்லை என்றார் சூப்பிரண்டு. அதே நேரம் சமையல்கட்டில் மாவரைக்கும் மெஷினை யாரோ ஓடவிட்டார்கள்.

அந்த அறையில் கிடந்த நாளிலேயே ஒச்சப்பனுக்கு அந்த மெஷின் சத்தம் தெரியும்.

அன்றைக்கும் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். அன்றைக்கும் மெஷினை ஓடவிட்டார்கள். உள்ளே கிடந்த ஒச்சப்பன் தொண்டை கிழியக் கத்தினார். பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்தது, நின்றது, போய்விட்டது. போன பிறகு மெஷினை நிறுத்தினார்கள்.

இப்போது பூட்ஸ் சத்தம் இந்தப் பக்கம் இருந்தது.

அவர் அமலோற்பவத்தின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"நான் சும்மா இருந்துட்டா?"

"இருக்கலாம்ணே."

அவ்வளவுதான். அமலோற்பவம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

போகலாமா என்று மாவட்ட நீதிபதி கேட்டார். சூப்பிரண்டு வழி காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள்.

ஒச்சப்பன் திரும்பவில்லை.

"ஐயா, மெஷினை நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

நிறுத்தினார்கள்.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. கத்திக் கத்தி ஓய்ந்துபோன ஒரு தொண்டை.

மூட்டைகளை இறக்கினார்கள். கதவைத் திறந்தார்கள். சடகோபன் தவழ்ந்து வெளியே வந்தான். வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டான். எழுந்தபோது அவனுக்கு முதுகு நிமிரவில்லை. கண் பழகியதும் முதலில் தெரிந்தது ஒச்சப்பனின் முகம். அடி விழும் என்று நினைத்தானோ என்னவோ, கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டான்.

அடி விழவில்லை.

இந்த அறை எப்போதிலிருந்து இருக்கிறது என்று மாவட்ட நீதிபதி அவனைக் கேட்டார்.

"இவர் அன்னைக்குச் சொன்னது நெஜம்தாங்க, ஐயா" என்றான் சடகோபன். "நான்தான் இவரை இதுக்குள்ள போட்டேன்."

மாவட்ட நீதிபதி அதை எழுதிக்கொண்டார். அவர் முன்னாலேயே கதவைக் கழற்றிப் போட்டார்கள். சடகோபனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது, வக்கீலம்மா. அவன் மேல எனக்குக் கோபம் தீரல. கொஞ்சம்கூடத் தீரல."

அமலோற்பவம் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும்தான்" என்றார்.