செங்கமடைக்கு வந்த ஒற்றைக் குழாய்

கடலும் ஆறும் எட்டிப் பார்க்காத ஊர் செங்கமடை. மழை பெய்தால் மிளகாய் போடுவார்கள். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்க வேண்டியதுதான். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று, கல்யாணம் ஆன கையோடு ஆணும் பெண்ணுமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஊரைச் சுற்றி வந்தால் நரைத்த தலையைப் பார்க்கலாம், மூக்கு ஒழுகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். நடுவயசுக்காரர்களைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு குழாய் வந்தது. குழாய் பொருத்த வந்தவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு வச்சா ரெண்டும் சொட்டத்தான் செய்யும். ஒண்ணுதான். லைன் ஊரை ஒட்டியே போகுது, எந்தத் தெருமுனையில வேணும்னு நீங்களே சொல்லுங்க. காலையில வருவேன், குச்சி ஊன்றி வைங்க."

ஊன்ற வேண்டியவள் வார்டு மெம்பர் பாண்டீஸ்வரி. அவளாக ஆசைப்பட்டு மெம்பர் ஆகவில்லை. அவள் வீட்டுக்காரன்தான் நிற்பதாக இருந்தது. வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் அவளை நிறுத்தி ஜெயிக்க வைத்துவிட்டு அவன் திருப்பூர் பஸ் ஏறிவிட்டான். கூட்டத்தில் பேசச் சொன்னால், இடுப்பில் இருக்கும் பிள்ளையின் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே நிற்பாள், அவ்வளவுதான்.

ஊரில் தெரு மூன்று. வடக்குத் தெரு முழுக்கத் திருப்பூர் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடுகள், எல்லாம் பூட்டு. கைப்பிள்ளையோடு பாண்டீஸ்வரி மட்டும் அங்கே குடியிருந்தாள். அந்த வீடுகளைக் கட்டியவர்களின் அப்பன் ஆத்தாள், விட்டுப் போன பேரப் பிள்ளைகளோடு நடுத்தெரு ஓட்டு வீடுகளில் இருந்தார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தெற்கே கருவேலங்காட்டு ஓரம் தார்ப்பாய்க் குடிசைகள். அசலூரிலிருந்து கரிமூட்டம் போட வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் அவை. மூன்று தெருவிலும் ஆள் எண்ணிக்கை அங்கேதான் அதிகம்.

ஆனால் ஊர் ஆளை எண்ணாது, தலைக்கட்டைத்தான் எண்ணும். கோயில் வரி கொடுக்கிற கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வெளியூரில் இருந்தாலும் வரி வந்தால் அவன் கணக்கில் உண்டு. வயசானவர்களிடம் வரி இல்லை, அதனால் கணக்கிலும் இல்லை. கரிமூட்டக்காரர்களிடம் வரி கேட்டதே இல்லை. ஊர்க் கிணற்றில்கூடத் தலைக்கட்டு வீட்டு ஆட்கள் இறைத்து முடித்த பிறகுதான் அவர்கள் வாளி விடலாம். அதற்குள் கிணறு கலங்கிப் போயிருக்கும்.

சாயங்காலம் மூன்று பக்கத்திலிருந்தும் பாண்டீஸ்வரி வீட்டுக்கு வந்தார்கள். முதலில் பேசியவன் செந்தூரான், பாண்டீஸ்வரி வீட்டுக்காரனின் அண்ணன். இதற்காகவே திருப்பூரிலிருந்து வந்திருந்தான்.

"குழாய்க்கு ஊர்ப்பங்கு குடுத்தது யாரு? ராத்திரி ஷிப்டு பார்த்து நாங்க குடுத்தது. வடக்குத் தெருதான். உனக்கும் வாசல்லயே தண்ணி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஆடு மேய்த்துவிட்டு வந்த நடுத்தெரு சோணையா கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "பூட்டுக்குத் தாகம் எடுக்குமாடா? உம் மகனுக்குக் காலு கழுவி விடுறது யாருன்னு நெனச்ச?"

"அதுக்குத்தான் மாசாமாசம் அனுப்புறோம்ல, சித்தப்பா."

"தண்ணியவா அனுப்புற?"

சிரிப்பு அடங்குகிற வரை கரிமூட்டக்காரி மாரிக்கொழுந்து தள்ளியே நின்றாள். கையெல்லாம் கரி. பாண்டீஸ்வரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மெம்பரு, எங்களுக்கு ஓட்டும் இங்க இல்ல, ரேசன் கார்டும் இங்க இல்ல. வாயும் வயிறும் மட்டும் இங்கதான் இருக்கு."

எல்லோரும் கலைந்ததும் பாண்டீஸ்வரி பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்காரன் போன் போட்டான்.

"எங்கண்ணன் முன்னால என்னைய அசிங்கப்படுத்திராத. வேற தெருவுல ஊன்றின, இந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வரமாட்டேன், பார்த்துக்க."

அவள் பிள்ளை நடக்கத் தொடங்கியதை அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. பொங்கலுக்கு வருவான் என்றுதான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பணம் கொடுத்தது வடக்குத் தெரு. தூரம் நடக்கத் தெம்பில்லாதது நடுத்தெரு. வாய் அதிகம் இருப்பது தெற்கே. மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. விடிந்ததும் குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் பாண்டீஸ்வரி. அதை எங்கே ஊன்றுவது சரி? நீங்களாக இருந்தால் எங்கே ஊன்றுவீர்கள்?

விடை: தெற்கேதான். வடக்குத் தெருக்காரர்களின் பெற்றவர்களும் பிள்ளைகளும் நடுத்தெருவில்தான் இருக்கிறார்கள். ஆகவே அந்த இரண்டும் ஒரே குடும்பத்தின் வழக்கு, குழாயை வடக்கே வைத்தால் பாண்டீஸ்வரியைத் தவிர யார் வீட்டுத் தாகமும் தீராது. நடுத்தெருவில் வைத்தால் கிழவர்களுக்குச் சுகம்தான். ஆனால் கரிமூட்டக்காரர்களைக் கடைசியில் நில் என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. தெற்கே வைத்தால் கொஞ்ச தூரம் கூடுதலாக நடக்க வேண்டும், ஆனாலும் ஊர்க்காரர்களிடம் தண்ணீர் பிடிக்காதே என்று சொல்கிற தைரியம் குடிசைக்காரர்களுக்கு வராது. குடிசை வாசலில் இருக்கிற குழாயில் அவர்களையே கடைசியில் நில் என்று சொல்லவும் முடியாது. யாரையும் விரட்ட முடியாத இடம் அது ஒன்றுதான். பாண்டீஸ்வரி அங்கேதான் ஊன்றினாள். மூன்று தெருவிலும் அவள் வீட்டுக்குத்தான் அது அதிக தூரம். பிறகு வீட்டுக்காரனுக்கு அவளே போன் போட்டாள். "தெக்கதான் ஊன்றிருக்கேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றாள். அவன் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.