வைடூரிய மோதிரத்தின் ஊர்

கடல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருந்த காலம் அது. வெண்மணல் பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே பழைய மோதிரங்கள் மட்டுமே விற்கும் தெரு ஒன்றும் இருந்தது. பெரியவர்களே, பிள்ளைகளே, அந்தத் தெருவில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன், கேளுங்கள்.

புது மோதிரம் செய்ய எல்லா ஊரிலும் தட்டான் உண்டு. ஆனாலும் மக்கள் கப்பலேறி அந்தத் தெருவுக்கு வந்தார்கள். பழைய மோதிரத்தின் மீது அப்படி ஓர் ஆசை. யாரோ ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு மாவு பிசைந்திருப்பாள். பிள்ளையின் தலையைக் கோதியிருப்பாள். போருக்குப் போனவனை நினைத்து அதைத் திருகித் திருகி உட்கார்ந்திருப்பாள். அந்த விரல் என்றைக்கோ மண்ணாகியிருக்கும். கல் மட்டும் அன்றைய நிறம் மாறாமல் இருக்கும். அதைக் கையில் வாங்கியதும் எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள்.

"இது யார் போட்டிருந்தது?"

காரி என்ற வணிகன் உடனே ஓர் அரசியின் பெயரைச் சொல்வான். கோடன் என்ற வணிகன் ஒரு காதல் கதையையே சொல்வான். கேட்டவர்கள் கண் கலங்கி வாங்கிப் போவார்கள். கடைசிக் கடைக்காரன் அந்துவன் மட்டும், தெரிந்தால் சொல்வான். தெரியாவிட்டால் "தெரியாது" என்பான். அதனால் அவன் கடையில் ஈ ஓட்டும் வேலைதான் அதிகம்.

அவன் மனைவி வெண்ணிக்குப் பொறுக்கவில்லை. "கல்லா பேசும்? நீங்கள்தான் பேச வேண்டும். காரி பேசுகிறான், கோடன் பேசுகிறான். உங்கள் வாயில் மட்டும் என்ன கொழுக்கட்டையா?" என்பாள்.

அந்துவன் மோதிரங்களை எடுத்து மடியில் வைத்துத் துடைப்பான். ஒவ்வொன்றையும் துடைக்கும்போது, முகம் தெரியாத யாருடைய கையையோ பிடித்துக்கொண்டிருப்பது போல அவனுக்கு இருக்கும். அந்தக் கைக்கு இல்லாத பெயரைச் சூட்ட அவனுக்கு மனம் வராது.

ஒரு நாள் காலை, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அவன் கடைக்கு வந்தாள். பெயர் நல்லினி. அவள் வாங்க வரவில்லை. கழுத்துக் கயிற்றிலிருந்து ஒரு மோதிரத்தை அவிழ்த்துப் பலகைமேல் வைத்தாள். தேன் நிறத்தில் ஒரு வைடூரியம். அசைத்தால் அதற்குள் ஒரு வெள்ளைக் கீற்று இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியது.

"இது எந்த ஊர் மோதிரம் ஐயா?"

அந்துவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியாது அம்மா."

நல்லினியின் முகம் இருண்டது. அவள் தன் கதையைச் சொன்னாள். சின்னஞ்சிறு வயதில் ஒரு வெள்ளத்தில், கூடையொன்றில் அவள் மிதந்து வந்தாள். கழுத்தில் இந்த மோதிரம் கட்டியிருந்தது. கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு மரக்கல வணிகர் அவளை எடுத்துத் தூர தேசத்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார். அவர் காலமான பிறகு, பெற்றவளைத் தேடி அவள் இந்தக் கரைக்கே திரும்பி வந்தாள்.

"காரியிடம் கேட்டேன். மேற்கு மலைத் தலைவனின் வீட்டு மோதிரம் என்றார். ஒரு மழைக்காலம் முழுக்க மலையேறினேன். வாசல் காவலர்கள் சிரித்தார்கள். கோடனிடம் கேட்டேன். கடலுக்கு அப்பால் ஒரு தீவு என்றார். அங்கே தெருத்தெருவாக இதைக் காட்டிக்கொண்டு நின்றேன். காய்ச்சலோடு திரும்பினேன். இரண்டு வருடம் போய்விட்டது."

சொல்லிவிட்டுத் தன் முத்துமாலையைக் கழற்றி மோதிரத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"ஏதாவது ஓர் ஊரைச் சொல்லுங்கள் ஐயா. மெய்யோ பொய்யோ, நான் கேட்கமாட்டேன். அங்கேயே போய் இருந்துவிடுகிறேன். எனக்கென்று நம்ப ஓர் ஊர் வேண்டும்."

உள்கதவருகே வெண்ணி நிற்பது அந்துவனுக்குத் தெரிந்தது. ஓர் ஊர்ப் பெயர் அவன் நாக்கு நுனிக்கு வந்தது. இன்னொரு பெயர் வந்தது. மூன்றாவதாகவும் ஒன்று வந்தது. எதைச் சொன்னாலும் இந்தப் பெண் நன்றி சொல்லிப் போய்விடுவாள். வாய் திறக்கும்போது அவன் கண் அவள் காலில் பட்டது. மலையும் தீவும் அந்தப் பாதங்களில் வெடிப்பு வெடிப்பாக இருந்தன.

"தெரியாது அம்மா," என்றான் மறுபடியும். மாலையை அவள் பக்கமே தள்ளினான்.

அவள் எழுந்தாள்.

"ஊர் தெரியாது என்றுதான் சொன்னேன். மோதிரத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. உட்காருங்கள்," என்றான் அந்துவன்.

வெயில் விழும் இடத்துக்கு மோதிரத்தைக் கொண்டுபோனான். "இங்கே பாருங்கள். உள்வளையம் தாள் போல மெலிந்துவிட்டது. ஒருத்தி போட்டுத் தேய்ந்ததில்லை இது, தாயும் மகளும் பேத்தியுமாகப் போட்டது. இதோ, ஓர் ஒட்டு. மெல்லிய விரல்காரி ஒருத்தி, பருத்த விரல்காரி ஒருத்திக்குப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறாள். அப்புறம் இது. உள்ளங்கைப் பக்கம் சாய்வாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை கயிறு இழுத்த கை அம்மா இது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நல்லினி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது.

"நனைந்த நார்க்கயிறு... அந்த வாசனை. அம்மா என்னைத் தூக்கும்போது அவள் கையில் அந்த வாசனைதான் வரும். இத்தனை நாள் எங்கே போயிருந்தது இது?"

அந்துவன் கடையை வெண்ணியிடம் விட்டுவிட்டு, நல்லினியோடு துறைமுகத்துக்கு நடந்தான். பெண்கள் கயிறு இழுக்கும் ஊர் எது என்று கேட்டான். பாய்மரக்காரன் ஒருவன் சிரித்தான். உப்பு வண்டிக்காரன் ஒருவன் கையை விரித்தான். ஆற்றில் மூங்கில் தெப்பம் விட்டு வந்த ஒருவன் மட்டும் நின்று யோசித்தான்.

"மேலாற்றில் மருதந்துறை என்று ஒன்று இருக்கிறது. ஆம்பிளைகள் எல்லாம் காட்டுக்கு மூங்கில் வெட்டப் போய்விடுவார்கள். கரைக்குக் கரை கயிறு கட்டி, ஓடத்தைப் பெண்கள்தான் இழுப்பார்கள்."

நல்லினி அப்போதே கிளம்பிவிட்டாள். அந்துவன் தடுத்து, "அம்மா, இதுவும் உறுதி இல்லை. அந்த ஊராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்," என்றான்.

மழை முடிந்து, ஆறு தெளிந்த பிறகு அவள் திரும்பி வந்தாள். மோதிரம் இப்போது கழுத்தில் இல்லை, விரலில் இருந்தது. தெருவே கூடிவிட்டது. காரியும் கோடனும்கூட வந்து நின்றார்கள்.

"ஓடத்தில் ஏறி உட்கார்ந்தேன்," என்று சொன்னாள் நல்லினி. "கயிறு இழுத்துக்கொண்டிருந்தவள் என் மடியைப் பார்த்தாள். நான் மோதிரத்தைக் கையில் வைத்திருந்தேன். அவள் பிடி நழுவிவிட்டது. ஓடம் நடு ஆற்றில் நின்றுபோனது. 'சின்னவளா?' என்றாள். என் அக்கா ஐயா அவள். தலை நரைத்துவிட்டது. வெள்ளம் கூரை தொட்டபோது, பிள்ளையும் மோதிரமும் சேர்ந்து பிழைக்கட்டும் என்று அம்மாதான் அதை என் கழுத்தில் கட்டி, கூடையில் மிதக்க விட்டாளாம்."

"உங்கள் அம்மா?" என்று கேட்டான் அந்துவன்.

"போன கோடையில் போய்விட்டாள். வயசாகியும் துறையை விட்டு நகரமாட்டாளாம். ஓடம் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாளாம், விரல்களைத்தான் பார்ப்பாளாம்."

கணக்குப் போட எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மலைக்கும் அந்தத் தீவுக்கும் போகாமல் இருந்திருந்தால், அவள் தாயின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

கோடன்தான் முதலில் வாய் திறந்தான். "அம்மா, உங்கள் மனம் குளிரட்டும் என்றுதான் சொன்னேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை."

நல்லினி அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"நீங்கள் சொன்ன கதை மிகவும் நன்றாக இருந்தது ஐயா," என்றாள். "அதனால்தான் நம்பிப் போனேன்."

காரி தலையைக் குனிந்துகொண்டான். கோடன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் கடைக் கதவைச் சாத்தினான். வெண்ணி வந்து நல்லினியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், இலை போட்டுச் சோறு பரிமாறினாள். அந்துவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்காவின் பிள்ளைகளைப் பற்றி, துறையைப் பற்றி, இப்போது தானும் கயிறு இழுக்கப் பழகுவதைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது இதுதான்: பிறர் மனம் குளிர நாம் சொல்லும் பொய் அவர்களுடைய வாழ்நாளையே தின்றுவிடக்கூடும் என்பதால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவதே மெய்யான அன்பு.