இருபத்துநான்காவது பெயர்

முதலில் தென்கரை அரசு தன் குடிமக்கள் மீதே பீரங்கியைத் திருப்பியது. அடுத்து, அந்த உள்நாட்டுப் போரைச் சாக்காக வைத்து வடகரை நாடு எல்லைக்கல்லைப் பிடுங்கி ஆற்றைத் தாண்டி நட்டது. மூன்றாவதாக, இரண்டு படைகளும் ஆற்றுத்திட்டில் இருந்த ஊரைக் கொளுத்தின. நான்காவதாக, சமாதானம் பேச ஏழு நாட்டுத் தூதர்கள் வந்தார்கள்.

பேச்சுவார்த்தை, அடிகள் என்று ஊரார் அழைக்கும் முதிய துறவியின் ஆற்றோர மடத்தில் நடந்தது. மேசை வட்டமா, நீளமா என்று முடிவாகவே பதினோரு நாள் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் மாலை, மாநாட்டுச் செயலர் வழுதி அடிகளிடம் வந்தான். தலை நரைத்தவன். முன்பு அவரிடம் படித்தவன்.

“சாமி, திட்டில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். புருஷன் மருதையன் மூன்று நாளாக மண்வெட்டியோடு நம் வாசலில் நிற்கிறான்.”

“பார்த்தேன். புதைக்க என்ன தடை?”

“வடகரை அனுமதித்தால் தென்கரை சுடும். தென்கரை அனுமதித்தால் வடகரை சுடும். அனுமதித்தவனுக்கு மண் சொந்தமாகிவிடுமாம்.”

“தூதர்கள்?”

“கவலை தெரிவித்தார்கள். நான்கு முறை. கடைசி முறை ‘ஆழ்ந்த’ என்று சேர்த்தார்கள்.”

அடிகள் தேநீர்க் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். “இருபத்துமூன்று பேர் குடிக்கிறார்கள். ஒருத்தராவது கழுவி வைத்ததுண்டா?”

“சாமி, அவளை எந்த நாட்டுக் குடிமகள் என்று எழுதட்டும்? அதைச் சொன்னால் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்.”

“காலையில் கூட்டம் எப்படித் தொடங்கும்?”

“வருகைப் பட்டியல் வாசிப்பேன். இரு நாட்டாரும் தூதர்களும் பெயர் கேட்டதும் ‘இருக்கிறேன்’ என்பார்கள். ஒரு பெயருக்குப் பதில் இல்லையென்றாலும் கூட்டம் தொடங்கக் கூடாது. அவர்களே போட்ட விதி.”

“பட்டியலை எழுதுவது யார்?”

“நான்தான்.” அவர் சொல்ல வருவது வழுதிக்குப் புரிந்தது. “என் வேலை போய்விடும் சாமி.”

“போகட்டும். இங்கே குவளை கழுவ ஆள் இல்லை.”

மறுநாள் காலை இருபத்துமூன்று பேரும் பதில் சொன்னார்கள். வழுதி இன்னொரு பெயரை வாசித்தான்.

“யார் அது? எப்போது வருவார்?” என்று ஒரு தூதர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவள் திட்டில் கிடக்கிறாள். நீங்கள்தான் போக வேண்டும்,” என்றார் கதவோரம் நின்ற அடிகள். “விதி உங்களுடையது. மண்வெட்டி வாசலில் இருக்கிறது.”

யாரும் எழவில்லை. வழுதி தாளை உயர்த்திப் பிடித்து மறுபடி வாசித்தான்.

“ஆற்றுத்திட்டு மருதையன் மனைவி, செங்கமலம்.”