தும்பி உட்கார்ந்த பாதங்கள்

பூனை பேசுவது மனிதருக்கும், மனிதர் பேசுவது பூனைக்கும் புரிந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் ஒரே ஒரு சுனை இருந்தது. யானை, எருமை, பன்றி, பூனை, காடை எல்லாம் அங்கேதான் தண்ணீர் குடித்தன. மாராயியும் அவள் கணவன் செங்கோடனும் சுனைக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்தார்கள். அந்தக் காட்டுக்கு மனிதர்கள் புதிது. அதனால் அவர்கள் தும்மினால்கூடக் காடு திரும்பிப் பார்க்கும்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் தும்பி. நடக்கப் பழகி, ஓடப் பழகி, "மாட்டேன்" என்று சொல்லவும் நன்றாகப் பழகியிருந்தாள். ஒன்று மட்டும் பழகவில்லை. ஓடிக்கொண்டே இருப்பாள், சட்டென்று நிற்பாள், முகம் சிவக்கும், பார்வை எங்கோ போகும். அவ்வளவுதான், காரியம் முடிந்திருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் ஆய் போனாள். பாயில் போனாள். அப்பன் தோளில் உட்கார்ந்துகொண்டும் போனாள். மாராயி கழுவிக் கழுவி விட்டாள்.

ஒரு கோடைக் காலையில் தும்பி சுனையின் விளிம்பில் நின்றாள். முகம் சிவந்தது. தண்ணீரில் வாய் வைத்திருந்த எருமைக்கு நேர் எதிரே போய்விட்டாள்.

எருமை போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது.

"குடிக்கிற தண்ணியில இப்படியா? பிள்ளையா வளர்க்கிறே நீ?" என்றது எருமை.

"தப்புதான். ஆனா அதை நீ சொல்லாதே," என்றாள் மாராயி. "உச்சி வெயில்ல இந்தச் சுனைக்குள்ளேயே படுத்துப் புரள்றது யாரு?"

"அது குளியல்!"

பூனை தன் மீசையை நக்கிக்கொண்டது. "என் குட்டிங்களுக்கு ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. தானா மண்ணைத் தோண்டுதுங்க, தானா மூடுதுங்க. வளர்ப்புன்னா அப்படி இருக்கணும்."

"உன் குட்டிக்கு நகம் இருக்கு, நாலு கால் இருக்கு. என் பொண்ணு ரெண்டு கால்ல நிக்கவே இப்பத்தான் கத்துக்கிட்டா. அவளை எதைக் கொண்டு தோண்டச் சொல்றே?"

கவனித்தீர்களா? கேள்வி எல்லாம் மாராயிக்கு மட்டும்தான். செங்கோடனும் பக்கத்திலேயேதான் நின்றான். தும்பி அவனுக்கும்தானே பெண்? அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் ஏதோ விருந்தாளியைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காட்டில் தீர்ப்புச் சொல்கிறவள் கிழட்டு யானை. எல்லாரும் அவளைப் பெரியாத்தா என்பார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதோ பாரு மாராயி. நிலா முழுசாகிறதுக்குள்ள உன் பொண்ணு ஒரு இடத்துல உட்காரப் பழகணும். இல்லேன்னா நீங்க மூணு பேரும் இந்தச் சுனையை விட்டுப் போயிடணும்."

அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த வெயிலில் சின்னக் குழந்தையோடு மலையேறி உயிரோடு போய்ச் சேர முடியுமா என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"இடத்தை நான் வெட்டித் தர்றேன்," என்று பன்றி முன்னால் வந்தது. நல்ல மனசுதான். மூக்கால் முட்டி முட்டி, மத்தியானத்துக்குள் ஒரு பள்ளம் வெட்டிவிட்டது. பன்றியே உள்ளே இறங்கினால் முதுகு தெரியாது, அவ்வளவு ஆழம். எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். "அருமையான பள்ளம்!" என்றார்கள். யாருக்காக வெட்டியதோ அவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

தும்பி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு. "மாட்டேன்!" என்று அலறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவ்வளவுதான், யோசனை பொழிய ஆரம்பித்தது. "வெறும் வயித்துல உட்கார வை," என்றது காடை. "அதட்டு, அதட்டினா வரும்," என்றது எருமை. "மூஞ்சியைப் பிடிச்சுத் தரையில தேய், மறுபடி செய்யுதா பார்க்கலாம்," என்றது பூனை. தன் குட்டிகளுக்குச் சொல்லித்தந்ததே இல்லை என்று பெருமை பேசிய அதே பூனைதான்.

செங்கோடனுக்கு ரோஷம் வந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து முதன்முறையாக இந்த விஷயத்தில் அவனும் ஏதோ செய்தான். என்ன செய்தான்? கத்தினான். "உட்காரு! இல்லேன்னா பன்னி வந்து உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்!"

"நான் எதுக்குய்யா தூக்கப்போறேன்?" என்று பன்றிக்கு அழுகையே வந்துவிட்டது. "பள்ளம் வெட்டினது ஒரு குத்தமா?"

அன்றைக்குத் தும்பி எங்குமே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் பாய் சுத்தமாக இருந்தது, சுனைக்கரை சுத்தமாக இருந்தது. "பார்த்தியா, அதட்டினதும் பழகிட்டா!" என்று எருமை காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

மாராயிக்குத்தான் தெரிந்தது. குழந்தை ஓடவில்லை. கஞ்சியைத் தள்ளிவிட்டாள். கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் நின்றாள். வயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது. தொட்டதும் முனகினாள்.

"இவ பழகலை," என்றாள் மாராயி செங்கோடனிடம். "பயந்து போய் அடக்கி வச்சிருக்கா. இப்படியே விட்டா பிள்ளை நமக்கு மிஞ்சாது."

"நான் ஒரு வார்த்தைதானே சொன்னேன்..."

"அந்த ஒரு வார்த்தைதான் அவ வயித்துல உட்கார்ந்திருக்கு."

பெரியாத்தா சொன்ன கெடு நாள் வந்தது. பள்ளத்தைச் சுற்றிக் காடு கூடியிருந்தது. மாராயி தும்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பள்ளத்தைக் கண்டதும் குழந்தையின் உடம்பு மொத்தமும் விறைத்தது. மாராயி நிற்கவேயில்லை. பள்ளத்தைத் தாண்டி நடந்து, ஒரு புங்கமரத்து நிழலுக்குப் போனாள்.

அங்கே குதிகாலால் மண்ணைக் கிளறி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் குழி செய்தாள். தரையில் உட்கார்ந்தாள். முழங்காலை மடக்கி, குழிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பாதங்களை வைத்தாள். அந்தப் பாதங்களின் மேல் தும்பியைத் தன் முகம் பார்க்க உட்கார வைத்தாள். தும்பியின் கைகள் அம்மாவின் முழங்கால்களைப் பற்றிக்கொண்டன. கீழே இருட்டு இல்லை. உட்கார்ந்த இடம் கதகதப்பாக இருந்தது. எதிரே அம்மா முகம்.

ஆனால் கூட்டம் விடுமா? பின்னாலேயே வந்துவிட்டது.

"ஐயே, கால் மேலயா!"

"இப்படிச் செல்லம் கொடுத்தா கிழவியானாலும் கால் கேப்பா!"

"கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்பி வை!"

"உட்காரு தும்பி, உட்காரு, அப்பா சொல்றேன்ல?"

குழந்தையின் உதடு பிதுங்கியது. விரல்கள் இறுகின. மாராயி அவள் தலைக்கு மேலாக அத்தனை பேரையும் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை நாள் பொறுத்ததெல்லாம் சேர்ந்து வர, நீளமாகச் சொன்னாள்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

எருமையின் வாய் திறந்தபடி நின்றது. பெரியாத்தாவின் காது அசைவது நின்றது. செங்கோடன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். இலை விழுந்தால் கேட்கும், அப்படி ஒரு அமைதி. தும்பி பிறந்த பிறகு அந்தக் காட்டில் அவளைப் பற்றி யாருமே எதுவும் சொல்லாத முதல் நேரம் அது.

தும்பியின் விரல்கள் தளர்ந்தன. முதலில் சின்னதாக ஒரு தாரை மண்ணில் விழுந்தது. எருமை ஏதோ சொல்ல வாயெடுத்தது. "ஸ்ஸ்ஸ்," என்றாள் மாராயி, இந்த முறை மெதுவாக. தும்பியின் முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. அம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்து அழுத்தினாள். பிறகு, பெரிதாக ஒரு மூச்சு.

குனிந்து பார்த்தாள். நம்ப முடியாதவள் போல மறுபடி பார்த்தாள்.

"ஆய்!" என்று சொல்லிக் கைதட்டினாள்.

பூனை முன்னால் வந்தது. தன் முன்னங்காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. "இதுக்கு நகம் வேணும்தான்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனது.

எருமை மட்டும் விடவில்லை. "பெரியாத்தா, ஒரு இடத்துல உட்காரணும்னுதானே தீர்ப்பு? இவ எங்க இடத்துல உட்கார்ந்தா? அம்மா கால்ல இல்ல உட்கார்ந்தா?"

"அவளுக்கு இப்போ அதுதான் இடம்," என்றாள் மாராயி. "பள்ளத்து அளவுக்கு வளர்ந்ததும் பள்ளத்துக்குப் போவா. வளர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா உங்களால?"

பெரியாத்தா கொஞ்ச நேரம் தும்பிக்கையால் மண்ணைக் கோதிக்கொண்டிருந்தாள். "என் கன்னுங்களும் என் காலுக்கு நடுவுலதான் நின்னு வளர்ந்துச்சுங்க," என்றாள். "சுனை உங்களுக்கும்தான் மாராயி. போயி பிள்ளைக்குக் கஞ்சி குடு."

மறுநாள் காலையில் தும்பி முகம் சிவந்து நின்றபோது, மாராயி அவளைத் தூக்கிச் செங்கோடனிடம் கொடுத்தாள். "இன்னிக்கு உன் கால்."

"எனக்கு அதெல்லாம் வராது."

"எனக்கும் முந்தாநாள் வரைக்கும் வராது."

செங்கோடன் உட்கார்ந்தான். பாறை மாதிரிப் பாதங்கள், பக்கத்துக்கு ஒன்றாகக் கோணிக்கொண்டு நின்றன. தும்பி வழுக்கினாள், சிரித்தாள், அவன் மீசையைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். பிறகு நினைத்துக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்," என்றான்.

பிள்ளையைப் பாதங்களின் மேல் உட்கார வைத்து ஸ்ஸ்ஸ் என்று சொல்கிற வழக்கம் அந்த இரண்டு நாட்களில் தொடங்கியதுதான். பிள்ளைக்கு வரட்டும் என்றுதான் அப்படிச் சொல்கிறோம் என்று இன்றைக்கு எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதன்முதலில் அது சுற்றி நின்று யோசனை சொன்னவர்களுக்குச் சொன்னது.