உப்போடு ஊர் போன நாரத்தை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. குரங்கையும் கழுதையையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலையேறும் உப்புப் பாதையோரம் கமலா, நாரத்தை, எலுமிச்சை என்று மூன்று மரங்கள் அக்காள் தங்கைகளாய் நின்றன.

கமலாவின் பழத்தைத் தின்ற குரங்குகள் விதையை மலை முழுக்கத் துப்பின. எலுமிச்சையை வழிப்போக்கர்கள் மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் ஏழு மலை தாண்டிப் பேரன் பேத்தி இருந்தார்கள். நடுவிலவள் நாரத்தைக்குத்தான் ஒன்றுமில்லை. அவள் காய் கசந்தது. குரங்கு ஒரு கடி கடிக்கும், "தூ!" என்று துப்பும், கோபத்தில் காயைப் பிய்த்துத் தோலை ஒரு பக்கமும் சுளையை ஒரு பக்கமுமாகப் பாறையில் வீசும். அங்கே வெயிலில் விதை வெந்துபோகும். காலடியில் விழுந்த விதைகளோ அவள் நிழலிலேயே முளைத்து, வெளிறி, வாடிப்போகும்.

"உன் பிள்ளைகள் எல்லாம் எங்கே அக்கா?" என்று எலுமிச்சை வேண்டுமென்றே கேட்பாள்.

"அதோ," என்று நாரத்தை பாறையைக் காட்டுவாள். வேறு என்ன சொல்ல? அவளுக்கும் வயதாகிவிட்டது. அவள் பட்டுப்போனால் நாரத்தை என்று ஓர் இனமே மண்ணில் இராது.

ஒரு தை மாசக் காலையில் உப்பு விற்கிற உலகன் கழுதையை ஓட்டிக்கொண்டு அந்த வழியே வந்தான். உப்பு மூட்டைகளுக்கு நடுவில் அவன் மனைவி சிட்டம்மை துவண்டு கிடந்தாள். நாலு மாசக் கர்ப்பம். எது உள்ளே போனாலும் அப்படியே வெளியே வந்தது.

உலகன் ஒரு கமலாச் சுளையை ஊட்டினான். "இனிப்பு குமட்டுது மாமா," என்று முகத்தைத் திருப்பினாள். எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்தான். "வயிறு எரியுது," என்றாள்.

"ஏழு நாளாய் இதே கதைதான்," என்றது கழுதை. "மூட்டையைவிட இவள் இலேசாகிவிட்டாள். எனக்கே பயமாய் இருக்கிறது."

உலகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நாரத்தைக்கு மனசு பொறுக்கவில்லை.

"தாயி, என் காய் கசக்கும். பொய் சொல்லி உன் வாயில் வைக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே கசந்து கிடக்கிற வாய்தானே? ஒருதரம் பாரேன்."

"போச்சு! இருக்கிற உயிரும் போச்சு!" என்று குரங்கு கிளையில் குதித்தது.

உலகன் மஞ்சள் தட்டிய காய் ஒன்றைப் பறித்து, நாலாகப் பிளந்து உப்புத் தடவக் கத்தியை ஓங்கினான்.

"துண்டு போடாதே ஐயா!" என்று அலறினாள் நாரத்தை. "என் பிள்ளைகளைத் துண்டுதுண்டாகவே பார்த்திருக்கிறேன். ஒன்றாவது முழுசாய் ஊர் போகட்டும். விதையை மட்டும் எடுத்து, நீங்கள் இறங்குகிற இடத்தில் ஊன்றிவிடுங்கள்."

"நல்லா இருக்கே ஆத்தா! அரிந்தால்தானே உப்பு ஏறும்? முழுசாய் எப்படித் தின்பாள்?" என்றான் உலகன்.

சிட்டம்மை மெல்லக் கையை நீட்டினாள். "கத்தியை இங்கே கொடு மாமா. வயிற்றில் சுமப்பவளுக்குத்தான் அவள் பேச்சு புரியும்."

காயைக் கையில் உருட்டிச் சுற்றிச் சுற்றி அரிந்தாள். கடைசிச் சுற்றில், அறுபட ஒரு விரற்கடை மிச்சம் இருக்கும்போதே கத்தியை நிறுத்திவிட்டாள். நுனியைப் பிடித்துத் தூக்கினால் காய் சுருள் சுருளாய் நீண்டது. அறுந்து விழவில்லை. விதைகளை நெம்பி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சுருளுக்குள்ளே கைப்பிடி உப்பை அடைத்து விட்டாள். காய் தானாகவே மூடி உருண்டையானது.

"பார் ஆத்தா. முழுசு."

கொஞ்ச நேரத்தில் உப்பு உருகிச் சாறு சொட்டியது. கழுதைதான் முந்திக்கொண்டு நக்கியது. "அடடா!" என்று காதை ஆட்டியது. பிறகு சிட்டம்மை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். விழுங்கினாள். நாரத்தை ஓர் இலையைக்கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கியது வயிற்றில் தங்கியது.

"மாமா, கலயத்தில் கஞ்சி இருக்கா?"

உலகன் ஓடின ஓட்டத்தில் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது.

அன்றைக்கே பத்துக் காய்களைச் சுருளாக அரிந்து, மூட்டைமேல் வெயிலில் பரப்பிக்கொண்டு அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினார்கள்.

மறு வருஷம் திரும்பி வந்தார்கள். சிட்டம்மையின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மடியிலிருந்து கறுத்துச் சுருங்கிய உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இப்படிக் கறுத்துவிட்டானே!" என்றாள் நாரத்தை.

"வெயிலில் ஊர் ஊராய் வந்தவன் கறுக்காமல் இருப்பானா?" சிட்டம்மை நுனியைப் பிடித்து இழுத்தாள். சுருள் நீண்டது. விட்டாள், மூடிக்கொண்டது. "தங்கின ஊரிலெல்லாம் விதை ஊன்றினேன் ஆத்தா. வரும் வழியில் பார்த்தேன். கிணற்றடிக்கு ஒரு கன்று, முழங்கால் உயரம் நிற்கிறது."

நாரத்தை ஒரு கிளையைத் தாழ்த்திக் குழந்தையின் தலையைத் தொட்டாள். எலுமிச்சை, "அக்கா, எனக்கும் அந்த உப்பில் ஒரு கைப்பிடி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

அன்று முதல்தான் நாரத்தங்காயை உப்பில் போடுகிறவர்கள் கத்தியைக் கடைசிவரை ஓட்டாமல் சுருளாகவே அரிகிறார்கள். வாய் கசந்து படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்கிற முதல் கஞ்சிக்கு, அந்தச் சுருளிலிருந்துதான் ஒரு கீற்றுக் கிள்ளி வைக்கிறார்கள்.