நாலு முழ விரால்

நெடுந்தாழை ராஜா கோபாலராயருக்குத் தூண்டில் பைத்தியம். ஆனால் அரண்மனைக் குளத்து மீனைப் பிடித்தால் தின்னக் கூடாது. உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது அவருடைய பாட்டனார் போட்ட உத்தரவு. விட்ட மீனின் எடைக்கு ஒரு கல்மீன் செய்து கரையில் வைப்பார்கள்.

விட்ட மீனை எப்படி எடை போடுவது? ராஜா கையை விரித்து நீளம் காட்டுவார். விகடன் பிச்சாண்டி கணக்குப் போட்டு எடை சொல்வான்.

ஒருநாள் தர்பாருக்குள் ராஜா துள்ளிக்கொண்டு வந்தார். "பிச்சாண்டி! இன்றைக்கு ஒரு விரால் பிடித்தேனய்யா, இவ்வளவு நீளம்!" இரண்டு கையையும் அகல விரித்தார். சாமரம் வீசுகிறவள் தலையைக் குனிந்து தப்பித்தாள்.

தளவாய் சேமலையப்பருக்குப் பிச்சாண்டியைக் கண்டாலே ஆகாது. "நாலு முழம் மகாராஜா! என் கண்ணாலேயே பார்த்தேன். எடை சொல்கிறவரே இந்தத் தடவை கல்லைச் சுமந்து குளத்தைச் சுற்றி வரட்டுமே?"

"பேஷ்! குறைத்துச் சொன்னால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார் ராஜா.

பிச்சாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒரு முழ விரால் ஒரு வீசை. இரண்டு முழமென்றால் இரண்டு வீசை அல்ல. நீளத்தோடு அகலமும் பருமனும் கூடுமே, எட்டு வீசை. நாலு முழத்துக்கு அறுபத்துநாலு! அவனே எலும்பும் தோலுமாக முப்பது வீசைதான் இருப்பான். சுமந்தால் கழுத்து போகும். குறைத்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போக வேண்டும்.

"மகாராஜாவின் கை காட்டுவதுதானே அளவு?" என்று கேட்டான்.

"அதிலென்ன சந்தேகம்!"

"அப்படியானால் கையை அப்படியே வைத்திருங்கள். நூல் கொண்டுவருகிறேன்."

ஆடி அசைந்து போனான், ஆடி அசைந்து வந்தான். நூலில் ஒரே சிக்கல். உட்கார்ந்து பிரித்தான்.

"வாலை விரித்திருந்ததா, மடக்கியிருந்ததா?"

"விரித்திருந்தது!"

"வாய்?"

"திறந்திருந்தது. சீக்கிரம் அளவய்யா!"

"ஐயையோ, திறந்த வாய்க்கு வேறு நூலாயிற்றே!" மறுபடியும் கிளம்பினான்.

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கைகள் நடுங்கின. விரால் மூன்று முழமானது, இரண்டானது. தளவாய் பதறிப்போய் ராஜாவின் முழங்கையைத் தாங்க ஓடினார்.

"என்ன தளவாயாரே! மகாராஜாவின் கையில் பலமில்லை என்கிறீர்களா?" என்றான் பிச்சாண்டி.

தளவாய் வந்த வழியே பின்வாங்கினார்.

கைகள் இன்னும் நெருங்கின. பிச்சாண்டி பாய்ந்து வந்து நூலைப் பிடித்தான். "ஒரே முழம். ஒரு வீசை! கல்லைக் கொடுங்கள், இடுப்பில் வைத்துக்கொண்டே சுற்றி வருகிறேன்."

"அடேய்! காலையில் நாலு முழம் இருந்தது. மீதி மூன்று முழம் எங்கே?" ராஜா கத்தினார்.

"மகாராஜா, காலையில் பிடித்த மீனைக் குளத்திலேயே விட்டுவிட்டீர்கள். தர்பாருக்கு வரும் வழியில் வளர்ந்த மூன்று முழம்தான் கையோடு வந்தது. பாட்டனார் உத்தரவுப்படி அதையும் இப்போது விட்டாயிற்று."

ராஜா முறைக்கத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. தம் பட்டுச் சால்வையைப் பிச்சாண்டிக்குப் போர்த்தப் போனார். கை எழும்பவே இல்லை.

"தளவாயாரே," என்றார், "உமக்குத்தான் கை வலிக்கவில்லையே. நீரே போர்த்திவிடும்!"