மணல்முனைப் பெட்டியின் கைரேகை

"ஒவ்வொரு தடவையும் இது ஒரே கேள்வியக் கேக்குது மேடம்," என்றார் கஸ்பார்.

"என்ன கேக்குது?" என்றாள் உமையாள்.

"இந்தப் பெட்டி யாருன்னு நிச்சயமாத் தெரியல, இதோட கைரேகை இது, மேல போகட்டுமான்னு கேக்குது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆமான்னு அடிக்கேன்."

"யாருக்கு?"

கஸ்பார் திரையைப் பார்த்தார்.

கஸ்பாருக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். இரைச்சலுக்கு நடுவே அரை வார்த்தை கேட்டாலே, எந்தக் கப்பலிலிருந்து எந்த மாலுமி பேசுகிறான் என்று சொல்லிவிடுவார்.

அந்த வேலை போன பிறகு, கடல்நிலை அறிவிக்கும் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தார். கடற்கரை ஊர்களில் அவர்களுடைய ஒலிபெருக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றுடனும் ஒரு சிறிய கணினி. எல்லோரும் அதைப் பெட்டி என்றார்கள். நகரத்து அலுவலகத்திலிருந்து பெட்டிக்குள் நுழைந்து, காற்றும் அலையும் எப்படி என்று எழுதினால், ஊர் முழுக்க அது குரலாகக் கேட்கும்.

பெட்டிகளுக்கு உமையாள் பொறுப்பு. அவளுக்கு முப்பத்தொரு வயது.

முந்தின ஆண்டு எவனோ ஒருவன் கடவுச்சொல்லைத் திருடி, கடல் ஊருக்குள் வருகிறது என்று ஓர் ஊரில் அறிவித்துவிட்டான். ஜனங்கள் ஓடினார்கள். கர்ப்பிணி ஒருத்தி மாடிப்படியில் விழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

அதன் பிறகுதான் உமையாளை வேலைக்கு எடுத்தார்கள்.

*

மறுநாள் காலை, கஸ்பார் வழக்கம்போல் மணல்முனைப் பெட்டிக்குள் நுழைந்தார்.

அது கேட்டது. அவர் ஆமாம் என்றார். கடவுச்சொல்லைக் கொடுத்தார். கடல் அமைதி, தொழிலுக்குப் போகலாம் என்று எழுதினார். சேதி போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. மணல்முனை மாதா கோயிலில் மணி அடித்து, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பேசினார்.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே. கரையில எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காங்க."

"இப்பத்தானே அனுப்புனேன்."

"இங்க ஒரு சத்தமும் இல்ல."

உமையாள் தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அதில் கஸ்பார் எழுதிய சேதி இருந்தது. அதற்கு மேலே அவருடைய கடவுச்சொல்லும் இருந்தது.

"மணல்முனைன்னு பேரு வச்சுக்கிட்டு நான்தான் பதில் சொன்னேன்," என்றாள். "சேதியை இப்ப நான் அனுப்பிடறேன்."

கஸ்பாரின் முகம் இருண்டது.

"குரல் இருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன் மேடம்."

"இதுக்குக் குரல் இல்லை அண்ணே."

அவள் எல்லாப் பெட்டிகளுக்கும் கடவுச்சொல்லை மாற்றினாள். எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

*

"அப்ப நான் எப்படித் தெரிஞ்சுக்கிட?" என்று கேட்டார் கஸ்பார்.

"அது காட்டுற கைரேகை, அந்த எழுத்தும் எண்ணுமா இருக்குற வரி, சரியான்னு பாருங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் அது வேற."

"சரியானது எதுன்னு எங்க போயிப் பாக்க?"

உமையாள் அவருக்கு டிஎன்எஸ் பற்றிச் சொன்னாள். இணையத்தில் பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் ஏற்பாடு அது. மணல்முனைப் பெட்டி எங்கே என்று கேட்டால் பதில் அங்கிருந்துதான் வரும். பெட்டியின் கைரேகையையும் அதிலேயே எழுதி வைக்கலாம். பெட்டி தன்னைப் பற்றிச் சொல்வதும், டிஎன்எஸ் அதைப் பற்றிச் சொல்வதும் ஒன்றுதானா என்று கணினியே ஒப்பிட்டுக்கொள்ளும்.

கஸ்பாருக்கு அது பிடித்திருந்தது. அன்று மதியமே மணல்முனைப் பெட்டியைக் கூப்பிட்டு, திரையில் வந்த கைரேகையை அப்படியே எடுத்து டிஎன்எஸ்ஸில் எழுதினார்.

உமையாள் அதை அழித்தாள்.

"ஏன் மேடம்?"

"யார் சொல்லி எழுதினீங்க?"

"பெட்டிதான் சொல்லிச்சு."

"எந்தப் பெட்டி?"

கஸ்பார் திரையில் இருந்த பெயரை மறுபடி வாசித்தார்.

"நாளைக்கு பஸ் ஏறி நேர்ல போயிட்டு வாங்க," என்றாள் உமையாள்.

*

மணல்முனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பெட்டி கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தது. கோயில்பிள்ளை கதவைத் திறந்துவிட்டார். கஸ்பார் கையோடு கொண்டுபோயிருந்த திரையையும் கீபோர்டையும் பெட்டியிலேயே செருகி, அதன் கைரேகையைக் கேட்டு வாங்கினார்.

திரும்பி வந்து அதை டிஎன்எஸ்ஸில் எழுதினார். எழுதி முடித்தபோதுதான் கவனித்தார்.

"மேடம், நீங்க அழிச்சீங்கள்லா, அதேதான் இது. ஒரு எழுத்து மாறல."

"ஆமா."

"அப்ப எதுக்கு அழிச்சீங்க? வெயில்ல ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வாறேன்."

"அன்னைக்கு அது உங்களுக்குத் தெரியாதே," என்றாள் உமையாள்.

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. அன்று மாலை அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் மற்ற ஊர்களுக்கும் அவரே போய் வந்தார். யாரும் போகச் சொல்லவில்லை.

*

"இப்பவும் கேக்குது மேடம்."

"என்னன்னு?"

"கைரேகை டிஎன்எஸ்ல இருக்குறதோட பொருந்துதுன்னு அதுவே சொல்லுது. சொல்லிட்டு மறுபடியும் மேல போகட்டுமான்னு கேக்குது. அதுதான் பொருந்திட்டே."

உமையாள் தன் கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"இதுல யாரோ கூப்பிட்டு, கஸ்பார் நல்லவருன்னு சொன்னா நான் நம்பலாமா?"

"சொன்னது யாருன்னு பாக்கணும்லா."

"அதைத்தான் அதுவும் பாக்குது."

டிஎன்எஸ் தருகிற ஒவ்வொரு பதிலுக்கும் கையெழுத்து இடும்படி அவள் ஏற்பாடு செய்தாள். வழியில் யாராவது பதிலை மாற்றினால் கையெழுத்து ஒத்துவராது. அந்த வேலைக்குச் சில நாட்கள் பிடித்தன.

அது முடிந்த அன்று கஸ்பார் மணல்முனைக்குள் நுழைந்தார். எந்தக் கேள்வியும் வரவில்லை. கதவு திறந்து கிடந்ததுபோல் இருந்தது. அவர் சேதியை எழுதாமல் உமையாள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கையெழுத்து செல்லும்னு யாரு சொல்லுதா மேடம்?"

"அதுக்கு மேல இருக்குறவங்க."

"அவங்களுக்கு?"

"அதுக்கும் மேல."

"இப்படியே போனா?"

"உச்சியில, கையெழுத்தைச் சரிபாக்குற ஒரு சாவி இருக்கு. அது உங்க கம்ப்யூட்டர்ல முன்னாடியே போட்டுத்தான் வருது."

"அது சரியானதுதான்னு யாரு சொன்னா?"

உமையாள் டீயைக் குடித்து முடித்தாள்.

"சேதி அனுப்ப நேரமாச்சு அண்ணே," என்றாள்.

*

ஐப்பசியில் ஒரு நாள், உமையாள் காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தாள்.

முற்பகலில் வானிலை நிலையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. காற்று வடக்கே திரும்புகிறது, மதியத்துக்கு மேல் யாரும் கடலுக்குள் இருக்கக் கூடாது.

கஸ்பார் ஒவ்வொரு ஊராக நுழைந்து எழுதினார். எல்லா இடத்திலும் சேதி போனது. கடைசியாக மணல்முனைக்குள் நுழைந்தார்.

திரை நிறைய எழுத்துகள் வந்தன. இந்தப் பெட்டியின் கைரேகை டிஎன்எஸ்ஸில் இருப்பதோடு பொருந்தவில்லை. யாரோ நடுவே நின்று ஏமாற்றலாம். பெட்டியின் கைரேகையே மாறியும் இருக்கலாம். அடியில் அந்தப் பழைய கேள்வி. மேலே போகட்டுமா?

கஸ்பார் உமையாளைக் கூப்பிட்டார். அவள் ரயிலில் இருந்தாள். தொடர்பு கிடைக்கவில்லை.

ஊர் ஊராகப் போய்ப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். மணி போனது. அவர் எடுக்கவில்லை.

கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் எடுத்தார்.

"பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"காலையில ஆவுடையப்பன் வந்தாரு. பழசு உப்புல அரிச்சுப் போச்சுன்னு புதுசு வச்சிட்டுப் போனாரு. ஏன்?"

கஸ்பார் மூச்சு விட்டார். விரல் கீபோர்டுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

ஆவுடையப்பன் புதுப் பெட்டி வைத்தது உண்மை. இப்போது திரையில் பதில் சொல்வது அந்தப் பெட்டிதானா என்று கோயில்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆமாம் என்றால் அடுத்து கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த ஒரே கடவுச்சொல் எல்லா ஊர்களையும் திறக்கும்.

மாடிப்படியில் விழுந்த பெண்ணின் பெயர் கஸ்பாருக்குத் தெரியாது. அவள் ஞாபகம் வந்தது.

"எத்தன வள்ளம் கரையில நிக்கு?" என்று கேட்டார்.

"எல்லாம் கிளம்பப் போகுது."

"நீரு போய் மணி அடியும்."

"என்ன மணி? துக்க மணியா?"

"ஏதாவது ஒரு மணி. நிறுத்தாம அடியும். வந்து கேக்குறவங்ககிட்ட கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்லும். காத்து திரும்புது."

"ஒலிபெருக்கி என்னாச்சு?"

"அதப் பொறவு பாக்கலாம். நீரு ஓடும் வேய்."

கஸ்பார் தொலைபேசியை வைத்தார். கீபோர்டில் இல்லை என்று அடித்தார்.

*

மணி கேட்டு வள்ளங்கள் நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. கோயில்பிள்ளை கயிற்றைப் பிடிப்பதற்குள், சந்தியாகுவும் அவருடைய மருமகனும் அலை தாண்டிப் போய்விட்டார்கள். எஞ்சின் சத்தத்தில் மணி கேட்கவில்லை.

மறுநாள் வேறோர் ஊரில் இருவரும் கரையேறினார்கள். எஞ்சினும் வலையும் போயிருந்தன. மருமகனுக்கு வலது கை ஒடிந்திருந்தது.

திரையில் பதில் சொன்னது ஆவுடையப்பன் வைத்த பெட்டிதான். யாரும் நடுவே நிற்கவில்லை. புதுப் பெட்டியின் கைரேகையை டிஎன்எஸ்ஸில் எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

உமையாள் திரும்பி வந்ததும் கஸ்பார் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் ஆமான்னு அடிச்சிருந்தா ஒலிபெருக்கி உடனே பேசியிருக்கும். அந்நேரம் சந்தியாகு இன்னும் மணல்லதான் நின்னிருக்காரு."

"ஆமா," என்றாள் உமையாள்.

"நான் செஞ்சது தப்பா மேடம்?"

அவள் கார் சாவியை எடுத்தாள்.

"ஆவுடையப்பன்கிட்ட நான்தான் சொல்லியிருக்கணும். சொல்லல," என்றாள். "வாங்க, மணல்முனைக்குப் போவோம். அந்தப் பெட்டிக்கு இன்னும் கைரேகை எழுதல."

*

அவர்கள் வந்தது தெரிந்ததும் சந்தியாகு கோயிலுக்குப் பின்னால் வந்துவிட்டார். நெற்றியில் வெட்டுக்காயம் இன்னும் ஆறவில்லை. அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே கஸ்பார் திரையைப் பெட்டியில் செருகி, கைரேகையை வாங்கினார். உமையாளின் மடிக்கணினியில் அதைப் பார்த்து டிஎன்எஸ்ஸில் எழுதினார்.

"பெட்டி நல்லாத்தானே இருந்திச்சு?" என்று கேட்டார் சந்தியாகு.

"ஆமா," என்றார் கஸ்பார்.

"நம்ம ஆளு வச்ச பெட்டிதானே?"

"ஆமா."

"கோயில்பிள்ளை உம்மகிட்ட சொல்லவும் செஞ்சாரு."

"சொன்னாரு."

"பொறவு என்ன மயித்துக்கு வேய் யோசிச்சீரு? ஒரு வார்த்த அடிக்க உமக்கு என்ன? என் மருமவன் இனி எப்படி வலை இழுப்பான்?"

சந்தியாகு உமையாள் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானேம்மா இவருக்குப் பெரியவங்க. நீங்க சொல்லுங்க, இவரு செஞ்சது சரியா?"

உமையாள் எழுந்து, உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க அண்ணே. இங்கிலீஷ் எழுத்து வாசிப்பீங்களா?"

"வள்ளத்து நம்பரு வாசிக்கிற அளவுக்கு வாசிப்பேன். எதுக்கு?"

"இந்தத் திரையில ஒரு வரி இருக்கு. பெட்டி தன்னைப் பத்திச் சொல்றது. அதை ஒவ்வொரு எழுத்தா வாசிங்க. அவர் எழுதினதோட சரியா இருக்கான்னு அவர் பாக்கட்டும்."

"அவரு வாசிச்சா என்ன? நீங்க வாசிச்சா என்ன?"

"அவர்தான் எழுதினார். நான் பக்கத்துலயே இருந்தேன். எங்க கண்ணு, என்ன இருக்கணும்னு நெனக்குதோ அதைத்தான் பாக்கும்."

சந்தியாகு நின்றுகொண்டே இருந்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

வேண்டாவெறுப்பாக வாசிக்க ஆரம்பித்தார். எழுத்து, எண், எண், எழுத்து. கஸ்பார் மடிக்கணினித் திரையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார்.

பாதி வரியில் சந்தியாகுவின் குரல் மெதுவானது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, திரையில் படிந்திருந்த உப்பைத் துடைத்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மிச்சத்தை வாசித்து முடித்தார்.

"சரியா இருக்கு," என்றார் கஸ்பார். "போதும்."

சந்தியாகு எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும் வேய்," என்றார். "நடுவுல அது எட்டா, பி-யான்னு சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். முதல்லேருந்து வாசிக்கேன்."